இது பாய்க்கோரைதானா? நுனி கருகிக்கொண்டே வருகிறது

பாளையங்கோட்டையில் வீட்டு முற்றத்துச் சிமெண்ட் தொட்டியில் ஒரு கோரை வளர்க்கிறேன். தை கடைசியில் தாமிரபரணிக் கரையில் ஒரு பிடி வேரோடு எடுத்து வந்தது. பத்தமடைப் பாய்க்கு எடுக்கும் கோரை என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஆச்சி பாய் நெய்தவர், அதனால் இந்தச் செடி எப்படியாவது பிழைக்க வேண்டும்.

தண்டை விரலில் உருட்டினால் மூன்று பட்டை தெரிகிறது, உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளைச் சோறு. உச்சியில் நாலைந்து இலைகள்தான், எனவே உச்சியில் நிறைய இலைகள் குடை மாதிரி விரியும் குடைக்கோரை இல்லை. தோண்டிப் பார்த்தேன், வாசனைக் கிழங்கும் இல்லை. அப்போ சாதாரணக் கோரைக்கிழங்குச் செடியும் இல்லை.

ஐந்து மாதமாகியும் இரண்டடியைத் தாண்டவில்லை. நுனி மஞ்சளாகிக் கருகுகிறது, புதுத் தண்டுகள் ஊசி மாதிரி வருகின்றன. முதலில் இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி வைத்தேன். அப்புறம் வடியவிட்டேன். வண்டலும் மட்கிய சாணமும் போட்டேன், கருகியதை அடியோடு அறுத்தும் விட்டேன். ஊற்றுவது உப்புச் சுவையுள்ள போர் தண்ணீர். வெயில் காலை முதல் இரண்டு மணி வரை விழும்.

இது பாய்க்கோரைதான் என்றால், அடியில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டுமா, மண் ஈரமாக இருந்தாலே போதுமா?