மறு: டிவோவாக்கம் – ‘தாக்கோல் மறுப்பு’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மென்பொருளின் மூல நிரலை (அதை எழுதிய வரிகளை) தந்துவிட்டு, திருத்தியதை மட்டும் கருவியில் ஓடவிடாத பழக்கத்துக்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் நம் பேச்சு. ‘தாக்கோல் மறுப்பு’ என்பது என் பரிந்துரை; தாக்கோல் என்றால் எங்கள் பக்கத்தில் சாவி. மூன்று நாளாக வந்த மடல்களைப் படித்துவிட்டேன். கடையடைத்த பிறகு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளலாம்.

> டிவோவாக்கம் என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லா நாட்டிலும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. டிவோ என்பது 1999-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பெட்டி. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்கும். உள்ளே ஓடியது யாரும் படித்துத் திருத்தக்கூடிய இயங்குதளமான லினக்ஸ். அதன் ஜி.பி.எல். உரிமம் சொன்னபடி மூல நிரலை வெளியிட்டார்கள். ஆனால் அதைத் திருத்தித் திரும்ப ஏற்றினால் பெட்டி ஓடாது; நிரலில் நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் இருக்கிறதா என்று வன்பொருளே சோதித்துப் பார்க்கும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தப் பழக்கத்துக்கு அந்தப் பெட்டியின் பெயரையே வைத்தார். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பெயரே விளக்கம். தக்கலையில் இருப்பவருக்கு அந்தப் பெயர் ஒன்றும் சொல்லாது. யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளுக்கு ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற பெயர் எப்படி நிலைத்தது? கேட்டதுமே பாதிப் பொருள் பிடிபட்டது. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் என்பதால் அவர்கள் இன்றுவரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தப் பாடு இல்லை.

என் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டத்தில் எங்கள் கடைக்குக் குலசேகரத்திலிருந்து ஓர் அக்கா ரவுட்டர் (வீட்டுக்குள் இணையத்தைப் பகிரும் பெட்டி) ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய இணைய இணைப்பை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறியிருக்கிறார். பெட்டி புது இணைப்பை ஏற்கவில்லை. அமைப்புப் பக்கத்தில் அதற்கான இடமே மறைக்கப்பட்டிருந்தது. ஆனால் அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு தாளில் உரிம விவரமும் மூல நிரல் கிடைக்கும் முகவரியும் பொடி எழுத்தில் இருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிரலை இறக்கி, இரண்டு இரவு உட்கார்ந்து, மறைத்த இடத்தைத் திறந்து தொகுத்தேன். ஏற்றினேன். சிவப்பு விளக்கு நாலைந்து முறை மினுங்கியது. கையொப்பம் பொருந்தவில்லை என்று ஒரு வரி. பெட்டி தன் பழைய நிரலுக்கே திரும்பிவிட்டது.

அக்காவிடம் எப்படிச் சொல்வது? தயாரித்தவர்கள் நிரலைத் தந்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் ஒப்பமிட்டதை மட்டும்தான் இது ஏற்கும் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை.

“எனக்க பைசாவுக்கு வாங்கின பெட்டி. பின்ன தாக்கோல் ஆருக்க கையில இருக்கு?”

இரண்டு இரவு நான் தேடியும் கிடைக்காத சொல் அது.

> ‘வன்பொருள் பூட்டு’ போதாதா? எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான், ஆனால் குற்றத்தைத் தவறான இடத்தில் வைக்கிறது அண்ணாச்சி. பூட்டு கெட்டதல்ல. கையொப்பம் பார்த்து நிரலை ஏற்றும் முறை நல்லது. வெளியாள் எவனோ திருட்டு நிரலைத் திணிக்காமல் காக்கும். சாதாரண மேசைக் கணினிகளில் இந்தச் சோதனை உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் உடைமையாளர் அதை அணைக்கலாம், தன் சொந்தத் தாக்கோலை, அதாவது கையொப்பத்துக்கான குறியீட்டை, சேர்க்கவும் செய்யலாம். அதில் எனக்குப் புகார் இல்லை. அக்காவின் ரவுட்டரிலும் பூட்டு அதே பூட்டுதான். வேறுபாடு தாக்கோல் எங்கே இருக்கிறது என்பதில் மட்டும். அதனால்தான் ‘தாக்கோல் மறுப்பு’ என்கிறேன். ‘உரிமை முடக்கம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது எதற்கும் பொருந்தும் என்பதால் இதற்குப் பொருந்தாது.

மறுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டருக்கு 2003-இல் மூல நிரல் வெளிவந்தது. திருத்திய நிரலை அந்தப் பெட்டி ஏற்றுக்கொண்டது. அதிலிருந்துதான் 2004-இல் ரவுட்டர்களுக்குக் கட்டற்ற நிரல் தரும் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் பிறந்தது. தயாரித்தவர்கள் கைகழுவிவிட்ட எத்தனையோ பெட்டிகளுக்கு இன்றும் அதுதான் உயிர் கொடுக்கிறது.

> தாக்கோல் மலையாளச் சொல் அல்லவா? சாவி அல்லது திறவுகோல் இருக்கிறதே.

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். தாழ் + கோல். தாழ்ப்பாளில் இருக்கும் அதே தாழ்தான். மலையாளத்திலும் புழங்குகிறது என்பதால் நம்முடையது இல்லாமல் போகுமா? 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி எங்கள் குமரி மாவட்டம். எல்லையைத்தான் மாற்றிப் போட்டார்கள், வீட்டுக்குள் பேசிய சொல்லை அல்ல. சாவியோ போர்ச்சுக்கீசியரோடு வந்தது. அதோடு, நாஞ்சில் நாட்டு வயல்காரரிடம் சாவி என்றால் அவருக்கு மணி பிடிக்காத நெல்தான் நினைவுக்கு வரும். திறவுகோல் நல்ல தமிழ், மறுக்கவில்லை. ஆனால் அது மேடையில் ‘வெற்றியின் திறவுகோல்’ என்று வரும் சொல்லாகிவிட்டது. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு யாரும் திறவுகோலைத் தேடுவதில்லை. தாக்கோலை எங்கள் பக்கம் தினமும் தேடுகிறார்கள்.

உரிமத்தில் இந்தச் சொல் எப்படி உட்காரும் என்று பார்ப்போம். 1991-இல் வந்த ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு மூல நிரலைத் தரச் சொன்னது. கருவியை மாற்ற விடவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. 2007 ஜூன் 29-இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்த இடத்தை அடைத்தது: வீட்டுப் பயன்பாட்டுக் கருவியை விற்பவர், திருத்திய நிரலை அதில் நிறுவி ஓட்டத் தேவையான விவரங்களையும் தரவேண்டும், ஒப்புதல் தாக்கோல்களும் அதில் அடக்கம். மாற்றிய பெட்டிக்கு உத்தரவாதமோ பராமரிப்போ தொடரவேண்டும் என்று அது கேட்கவில்லை, நியாயம்தான். லினக்ஸ் கருநிரல் (கெர்னல்) இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மூன்றாம் பதிப்பின் இந்த விதியை ஏற்கவில்லை. நிரலைத் திருப்பித் தந்தால் போதும், கருவி தயாரித்தவர் பாடு என்பது அவர் நிலை. அவர் பக்கத்திலும் காரணம் உண்டு. ஆனால் பெட்டிக்குப் பணம் கொடுத்தவரின் பக்கம் அதில் இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: நிகழ்வுக்குத் ‘தாக்கோல் மறுப்பு’, பொருளுக்குத் ‘தாக்கோல் மறுத்த கருவி’, மூன்றாம் பதிப்பின் விதிக்குத் ‘தாக்கோல் கடப்பாடு’. கடையில் வாங்க வருகிறவர் ‘இதுக்குத் தாக்கோல் தருவாங்களா?’ என்று கேட்டால், கேள்வி விற்பவருக்கும் விளங்கும்.

‘தாழ்க்கோல்’ என்று திருத்தி எழுதலாம் என்று யாராவது சொல்லக்கூடும். வேண்டாம், வாயில் இருப்பதுபோலவே எழுதுவோம். சொற்பட்டியல் கோப்பில் மூன்றையும் வரைவாகச் சேர்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், குறிப்பாக ‘கடப்பாடு’ பற்றி. அதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. ரவுட்டர் இன்னும் எங்கள் கடை அலமாரியில்தான் இருக்கிறது.