புத்தகத்துக்குச் சுவரில் சேனல் அடிக்கிறேன்: இரண்டு போதுமா, மூன்று வேண்டுமா?

பைண்டிங்_பிரியை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா இனி எங்களோடுதான் இருக்கப்போகிறார். அவரோடு அவருடைய புத்தகங்களும் வருகின்றன. கெட்டி அட்டை அகராதித் தொகுதிகள், வார இதழ்த் தொடர்களைச் சேர்த்து பைண்டு செய்தவை, நாவல்கள் என்று எல்லா அளவிலும் இருக்கின்றன. ஆளுயர பீரோ போட்டால் அறை அடைத்துக்கொள்ளும், கட்டிலை விட்டு இறங்கி நடக்க அவருக்கு இடம் இருக்காது. அதனால் சுவரில் நெட்டுக்குத்தாக இரும்புச் சேனல் பொருத்தி, அதன் துளைகளில் பிராக்கெட்டை மாட்டி, மேலே பலகை வைக்கும் வகையைப் போடலாம் என்று இருக்கிறேன்.

உயரத்தைப் பிறகு மாற்றலாம் என்பதற்காகத்தான் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அவரால் நின்று எடுக்க முடிகிறது. முழங்கால் வலி கூடி, நாற்காலியில் உட்கார்ந்தே எடுக்க வேண்டிய நாள் வந்தால், தட்டுகளைக் கீழே இறக்கிக் கொடுத்துவிடலாம். யாரையும் கூப்பிட்டுப் புத்தகம் எடுத்துத் தரச் சொல்வது அவருக்குப் பிடிக்காது.

சுவரில் 150 செ.மீ. அகலம் இருக்கிறது. பலகை 120 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 18 மி.மீ. கனம். சேனல் 120 செ.மீ. உயரம். மொத்தம் ஐந்து தட்டு. பலகையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சேனல் வைத்தால் போதுமா? சுவரைத் தட்டிப் பார்த்தால் ஓரிடத்தில் கெட்டியாகக் கேட்கிறது, ஓரிடத்தில் பொள்ளலாகக் கேட்கிறது. எந்த இடத்தை நம்பித் துளை போடுவது? அதே சுவரில் ஒரு சுவிட்ச் பெட்டியும் இருக்கிறது. டிரில் மெஷின் இருக்கிறது, கைவேலைக்குப் பயமில்லை. ஆனால் கட்டில் பக்கத்தில்தான் இது வரும். அது ஒன்றுதான் மனதை அரிக்கிறது.

மூன்றாம்_மாடி:

சுவிட்ச் பெட்டியை முதலில் பாருங்கள். பூசி மறைத்த ஒயர் பைப் பெரும்பாலும் பெட்டியிலிருந்து நேர் மேலே அல்லது நேர் கீழே போகும், சில வீடுகளில் பக்கவாட்டிலும் போகும். பெட்டிக்கு நேர் மேலும் கீழும் பக்கத்திலும் துளை போடாதீர்கள். துளை போடும் நேரம் அந்த அறைக்குப் போகும் லைனை அணைத்துவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து கரண்ட் எடுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால் தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைமாட்டுக்கு நேர் மேலே மட்டும் எந்தத் தட்டும் வேண்டாம். எவ்வளவு பலமாக அடித்தாலும் வேண்டாம்.

உளிச்சத்தம்:

இது என் தினசரி வேலை அம்மா, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பாரம். புத்தகத்தின் எடையைப் பலர் குறைத்தே நினைக்கிறார்கள். ஏ4 தாள் 500 கொண்ட கட்டு ஒன்று இரண்டரை கிலோ, கனம் சுமார் 5 செ.மீ. அதை நிறுத்தி வரிசையாக அடுக்கினால் ஒரு மீட்டருக்கு 50 கிலோ. நாவல்கள் சிறியவை, தாளும் உப்பலாக இருக்கும், அதனால் இதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அகராதியும் பைண்டு தொகுதியும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலேயே போய்விடும். அப்படியானால் உங்கள் 120 செ.மீ. பலகையில் அகராதி நிரப்பினால் 40 கிலோவைத் தாண்டும். ஐந்து தட்டும் சேர்ந்தால் 150 கிலோ வரை கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முனையில் மட்டும் தாங்கினால், நல்ல பிளைவுட்டே அந்தப் பாரத்துக்கு நடுவில் ஒரு சென்டிமீட்டர் போலத் தொய்யும். பார்ட்டிகல் போர்டு என்றால் அதைவிட மோசம், வருடம் போகப் போக இறங்கிக்கொண்டே இருக்கும். தாங்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். கனமான பலகைக்குச் செலவு செய்வதைவிட ஒரு சேனல் கூடப் போடுவது மேல் என்று நான் சொல்வது அதனால்தான்.

மூன்று சேனல் போடுங்கள். ஆனால் இரு முனையிலும் நடுவிலுமாக வைக்காதீர்கள். அப்படி வைத்தால் பாரத்தில் பாதிக்கு மேல் நடுச் சேனலுக்கே போய்விடும். பலகையின் இடது முனையிலிருந்து 20, 60, 100 செ.மீ. என்று வையுங்கள். இரண்டு பக்கமும் பலகை 20 செ.மீ. வெளியே நீண்டிருக்கும், மூன்று சேனலும் ஏறக்குறைய சமமாகச் சுமக்கும்.

பலரும் பிராக்கெட் வளையுமோ என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், கவனிக்க வேண்டியது மேல் திருகு. தட்டின் பாரம் சுவரை விட்டு 12.5 செ.மீ. போல வெளியே நிற்கிறது, அது சேனலின் மேல்பகுதியைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும். உங்கள் கணக்கில் ஒரு சேனலுக்கு 50 கிலோ, சேனல் உயரம் 120 செ.மீ., ஆக மேல் திருகின் மேல் வரும் இழுப்பு ஐந்து கிலோ அளவுதான். அதே தட்டை 10 செ.மீ. உயரமுள்ள தனித்தனி பிராக்கெட்டில் வைத்தால், பிராக்கெட்டுக்கு 15 கிலோ என்றாலும் இழுப்பு 19 கிலோ ஆகிவிடும். நீளச் சேனலின் பலம் இதுதான். சேனலும் கொஞ்சம் வளையும் என்பதால் பாரமான தட்டுக்குப் பக்கத்துத் திருகு இன்னும் கூடுதலாகவே இழுபடும், அதனால் சேனலில் கொடுத்திருக்கும் எல்லாத் துளைக்கும் திருகு போடுங்கள். 25 செ.மீ. பலகையை 40 ஆக்கும் ஆசை மட்டும் வேண்டாம், இழுப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

இனி சுவர். காதால் கேட்பதைவிடத் தூளைப் பாருங்கள். சேனல் மறைக்கப்போகும் இடத்தில் 6 மி.மீ. டிரில் பிட்டால் ஒரு சோதனைத் துளை போடுங்கள், கீழே வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் சிமெண்ட் பூச்சின் சாம்பல் தூள் விழும். அப்புறம் சிவப்பாக வந்தால் செங்கல், நல்ல செய்தி. கடைசிவரை சாம்பலாகவே வந்து, பிட் முக்கி முக்கிப் போனால் கான்கிரீட் தூணோ பீமோ. கம்பி தட்டினால் அழுத்தாமல் இடத்தை மாற்றுங்கள். வெண்ணிறத் தூள் கொட்டி, அழுத்தாமலே பிட் உள்ளே போனால் காற்றுக்குமிழ் உள்ள லேசு பிளாக். திடீரென்று பிட் வெறுமைக்குள் விழுந்தால் ஹாலோ பிளாக், அல்லது ஜிப்சம் போர்டு. ஒவ்வொன்றுக்கும் பிளக் (திருகு பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை) வேறு. ஜிப்சம் போர்டு என்றால் உள்ளே நிற்கும் சட்டத்தில் திருகு ஏறாமல் புத்தகத் தட்டே வேண்டாம்.

செங்கல் சுவரில் பொள்ளல் சத்தம் வந்தால் பெரும்பாலும் அங்கே பூச்சு செங்கலை விட்டுக் கிளம்பியிருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் செங்கல் நன்றாகத்தான் இருக்கும். ஆகவே பிளக் பூச்சைத் தாண்டி முழுதாகச் செங்கலுக்குள் உட்கார வேண்டும். பூச்சு 15 மி.மீ., பிளக் 50 மி.மீ. என்றால், துளை 70 மி.மீ. ஆழம், திருகும் 70 மி.மீ. நீளம். ஆழம் தெரிய பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட், 5 அல்லது 6 மி.மீ. திருகு. துளைக்குள் நிற்கும் தூளை ஊதி எடுக்காவிட்டால் பிளக் பிடிக்காது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள். பிளக்கை விரலால் தள்ளி, கடைசியில் சுத்தியலால் லேசாகத் தட்டி ஏற்ற வேண்டும். விரலால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு போனால் துளை பெரிதாகிவிட்டது, அந்தத் துளையை நம்பாதீர்கள்.

மட்டம் பிடிப்பது சுலபம். முதல் சேனலை மேல் திருகில் மட்டும் தளர்வாகத் தொங்கவிடுங்கள். அது தானாகத் தூக்குக்குண்டு போல நேராக நிற்கும். ரசமட்டத்தை வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு மற்ற துளைகளைப் பென்சிலால் குறியுங்கள். அடுத்த சேனலுக்குத் தரையிலிருந்து அளக்காதீர்கள், தரை மட்டமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு சேனலிலும் மேலிருந்து ஒரே எண்ணிக்கைத் துளையில் பிராக்கெட் மாட்டி, குறுக்கே பலகை வைத்து, அதன் மேல் ரசமட்டம் வையுங்கள். குமிழ் நடுவுக்கு வந்ததும் மேல் துளையைக் குறியுங்கள். மூன்றாவதுக்கும் அப்படியே. சுவர் உள்வாங்கிய இடத்தில் திருகை முடுக்கினால் சேனல் வளைந்து போகும், பின்னால் வாஷர் கொடுத்து நிரப்புங்கள்.

பைண்டிங்_பிரியை:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. இன்று சோதனைத் துளை போட்டேன். முதலில் சாம்பல் தூள், அப்புறம் நல்ல சிவப்பு. பூச்சு 20 மி.மீ. போல இருக்கிறது. ஒரு சந்தேகம்: 20, 60, 100 என்று குறித்தால் வலது சேனல் சரியாகச் சுவிட்ச் பெட்டிக்கு மேலே வருகிறது. அதை மட்டும் நகர்த்தலாமா? இன்னொன்று, சேனலைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் ஆரம்பிப்பது? கீழ்முனை 90 செ.மீ.யில் வந்தால் அடியில் ஒரு மேசை போடலாம் என்று பார்க்கிறேன்.

ஜன்னலோரம்:

அக்கா, அந்த 90 செ.மீ.யை மறுபடி யோசியுங்கள். பிராக்கெட் சேனல் இருக்கும் வரைக்கும்தான் இறங்கும். சேனல் 90-ல் தொடங்கி 210-ல் முடிந்தால், அப்பாவுக்கு முடியாமல் போகிற அன்று எந்தத் தட்டையும் 90-க்குக் கீழே கொண்டுவர முடியாது, மேல் தட்டுகளும் உட்கார்ந்தவர் கைக்கு எட்டாது. நீங்கள் இந்த வகையைத் தேர்ந்தெடுத்த காரணமே போய்விடும்.

என் மாமியார் அறையில் கீழ்முனை தரையிலிருந்து 40 செ.மீ.யில் வரும்படி அடித்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டச் சொல்லி, தோள் உயரத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். தினமும் எடுப்பவை அந்தக் கோட்டுக்கும் முழங்காலுக்கும் நடுவில், எப்போதாவது எடுப்பவை மேலே. உங்களுக்கும் 40-ல் தொடங்கினால் மேல்முனை 160, நின்றால் உங்களுக்கே எட்டும் உயரம். அகராதித் தட்டுகளுக்கு 30 செ.மீ., நாவல் தட்டுகளுக்கு 24 செ.மீ. என்று இடைவெளி விட்டால் ஐந்து தட்டும் அதற்குள் அடங்கும். மேசையை வேறு சுவருக்குக் கொண்டுபோங்கள்.

எங்கள் சுவர் லேசு பிளாக். அப்படிப்பட்ட சுவர் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: டிரில்லில் ஹேமரை, அதாவது இடித்துக்கொண்டே சுழலும் முறையை, அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் துளை போடுங்கள், அந்தப் பிளாக்குக்கென்றே வரும் பிளக்கை வாங்குங்கள். சாதாரணப் பிளக் அதில் கையோடு வந்துவிடும்.

உளிச்சத்தம்:

ஜன்னலோரம் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். உயரத்தைப் பற்றி நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

சுவிட்ச் பெட்டிக்காக ஒரு சேனலை மட்டும் நகர்த்தாதீர்கள், வலது பக்கம் பலகை அதிகமாக நீண்டு தொங்கும். சுவர் 150, பலகை 120, உங்களுக்கு 30 செ.மீ. கையிருப்பு இருக்கிறதே. மூன்று சேனலையும் சேர்த்து 15 செ.மீ. தள்ளுங்கள், எந்தப் பக்கம் அப்பாவின் தலைமாட்டை விட்டு விலகுகிறதோ அந்தப் பக்கம். கீழ்த் தட்டில் ஏதாவது சுவிட்சை மறைக்குமானால் அந்த ஒரு பலகையை மட்டும் குறுக்கி அறுத்துக்கொள்ளுங்கள்.

பூச்சு 20 என்றால் திருகு 75 அல்லது 80 மி.மீ. வாங்குங்கள், துளையும் அதற்கேற்ற ஆழம். துளை போடும்போது சிவப்புத் தூள் வராமல் கடைசிவரை சாம்பலும் மணலுமாகவே உதிர்ந்தால் பிட் செங்கல் சந்தில் இறங்கியிருக்கிறது. மூன்று சேனலையும் சேர்த்து இரண்டு, மூன்று செ.மீ. ஏற்றியோ இறக்கியோ வைத்தால் செங்கல் கிடைக்கும். சேனலை எப்போதாவது அறுக்க வேண்டி வந்தால் எல்லாவற்றையும் கீழ்முனையில்தான் அறுக்க வேண்டும். மேல்முனை கலைந்தால் துளை எண்ணிக்கை ஒத்துவராது, தட்டு கோணலாகும்.

பிராக்கெட்டைச் செருகியதும் ரப்பர் சுத்தியலால் மேலிருந்து ஒரு தட்டு தட்டுங்கள், கொக்கி முழுதாக அமர வேண்டும். முன்முனை கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், பாரம் ஏறியதும் மட்டத்துக்கு வரும். பலகையை அடியிலிருந்து சின்னத் திருகால் பிராக்கெட்டோடு பிடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் கை ஊன்றினால் பலகை வழுக்கும். அகராதிகளைக் கீழ்த் தட்டுகளில் வைத்துத் தொடங்கி, ஒரு வாரம் கழித்து எல்லாத் திருகையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.

பின்னால் தட்டை இறக்கும் நாளில், புத்தகத்தை முழுதாகக் காலி செய்து, அடித் திருகுகளைக் கழற்றி, பலகையை எடுத்துவிட்டுத்தான் பிராக்கெட்டில் கை வைக்க வேண்டும். மேல்நோக்கி அடியிலிருந்து தட்டினால் கழன்று வரும். கீழ்த் தட்டிலிருந்து ஆரம்பியுங்கள், அப்போதுதான் மேல் தட்டு இறங்க இடம் கிடைக்கும்.