கணக்கு வேலையில் கீழ்ப்படிதல்: ஆலோசனை வேண்டும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

நாகர்கோவிலில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். கடந்த தீபாவளி முதல், ரொக்கத்துக்கு விற்கும் சரக்கில் ஒரு பகுதியை ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் 'எஸ்டிமேட்' சீட்டில் மட்டும் எழுதும்படியும், மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் நாங்கள் தாக்கல் செய்யும், விற்பனை விவரங்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் அதைச் சேர்க்காமல் விடும்படியும் முதலாளி சொல்லி வருகிறார். அந்தப் படிவத்தைத் தயாரிப்பது நான்தான் என்பதால், பார்க்காததுபோல் கடந்துபோக வழியில்லை.

முதலாளியிடம் பணிவாகப் பேசிப் பார்த்தேன். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். கொள்முதல் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, வேறு ஆள் இல்லை என்று மறுத்துவிட்டார். வேறு வேலை தேடுகிறேன்; இன்னும் அமையவில்லை. வீட்டில் என் சம்பளம் ஒன்றே வருமானம். போதகரோ, ஜெபித்துப் பொறுத்திருங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வேதத்தில் தேடினால் இருவகை முன்மாதிரி தெரிகிறது. பாபிலோன் அரண்மனைப் பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட தானியேல், தன்னைத் தீட்டுப்படுத்தும் என்று ராஜாவின் போஜனத்தை மறுத்தாலும், பணியை உதறிவிடாமல், பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி ஒரு மாற்றுவழியைக் கேட்டான். அந்த வழியை நானும் கேட்டுப் பார்த்தாயிற்று. கர்த்தரை ஏற்றுக்கொண்ட சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் எஜமானோடு ரிம்மோன் என்ற அந்நிய தெய்வத்தின் கோவிலில் பணிய நேரிடுவதைச் சொன்னபோது, எலிசா தீர்க்கதரிசி அவனைக் கண்டிக்காமல் சமாதானத்தோடே அனுப்பினார். ஆயினும் பொய்க்கணக்குக்கு நாகமானைத் துணைக்கு அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாற்று வேலை கிடைக்கும்வரை இந்தப் படிவத்தைத் தயாரித்துக் கொடுப்பதா, அல்லது தேவன் பார்த்துக்கொள்வார் என்று நம்பி இப்போதே விலகுவதா. இதே நிலையில் இருந்தவர்கள் எதைச் செய்தீர்கள்?