மகப்பேறு விடுப்புக்குப் பதில் வேலை பார்க்கிறவருக்கு அரையாண்டு விடுமுறைச் சம்பளம் உண்டா? (கூடவே ஒரு பரிசுப் பொட்டலப் பிரச்சினை)

குடில்_டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் ஜூலையிலிருந்து கணக்கு எடுக்கிறேன். மகப்பேறு விடுப்பில் போன டீச்சரின் இடம். சம்பளம் நிர்வாகம் தருவது, மாதம் 10,000 ரூபாய், ஏழு எட்டு ஒன்பது என்று மூன்று வகுப்பு. நவம்பர் வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. டிசம்பர் பிறந்ததிலிருந்துதான் தலை சுற்றுகிறது.

கிறிஸ்துமஸ் விழாவுக்கு வேலை பிரித்த அன்று, "உங்களுக்குத்தான் வகுப்பாசிரியர் பொறுப்பு இல்லையே" என்று சொல்லி குடிலையும் நாடகத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் வீடு அய்யாவழி, சாமித்தோப்புக்குப் போகிற குடும்பம், நான் குடில் கட்டியதே கிடையாது. பிள்ளைகள்தான் பாடம் எடுத்தார்கள்: பத்து நாளுக்கு முன்பே தட்டில் கேழ்வரகு விதைத்து வைத்தால் குடிலுக்குப் புல் ஆகிவிடுமாம். விதைத்தேன். முளை வந்ததும் ஒரு எட்டாம் வகுப்புக்காரி, "டீச்சர், முளைப்பாரி மாதிரில்லா இருக்கு" என்றாள். நாடகத்தில் இடையர் மூன்று பேர் போதும், ஆனால் எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள், யாரை விலக்கினாலும் அழுகை என்பதால் இப்போது எட்டு இடையர், இரண்டு ஆடு. மரியாளுக்குக் காய்ச்சல். இதற்கு நடுவில்தான் அரையாண்டுத் தேர்வு, மொத்தம் 118 விடைத்தாள், ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கையில் சிவப்புப் பேனா, மறு கையில் தேவதை இறக்கைக்கு வெட்டிய சார்ட் அட்டை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 24-ஆம் தேதியிலிருந்து விடுமுறை. என்னை 23 அன்று ரிலீவ் செய்துவிட்டு, ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளில் மறுபடி சேர்ப்பார்கள் என்று அலுவலக அண்ணன் சொல்கிறார், அதுதான் வழக்கமாம். அப்படியானால் டிசம்பருக்கு 23 நாள் சம்பளம்தான் வரும். ஆனால் ஜனவரி முதல் நாளே பேப்பர் கொடுக்க வேண்டும், அதை நான் விடுமுறையில் உட்கார்ந்து திருத்த வேண்டும். இதைக் கேட்கலாமா? கேட்டால் ஜனவரியில் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ?

இன்னொன்றும் இருக்கிறது, சிரிக்காதீர்கள். ஸ்டாஃப் ரூமில் கிறிஸ்-மா குலுக்கல் (சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாகப் பரிசு கொடுப்பது) போட்டார்கள். சீட்டில் என் பெயர் இல்லை, விடுப்பில் இருக்கிற டீச்சரின் பெயர்தான் இருந்தது. பழைய பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டார்களாம். இப்போது அவர் பெயர் போட்ட ஒரு பொட்டலம் என் மேஜையில் இருக்கிறது. அது யாருக்கு?

--

ஓய்வுபெற்ற_எச்எம் எழுதியது:

அம்மா, நான் உதவிபெறும் பள்ளியில் ஒன்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவன், நீங்கள் சொல்கிற அந்த ரிலீவ் ஆர்டரில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். எட்டு நாள் சம்பளம் இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்தான் வரும், நிர்வாகம் கணக்குப் பார்ப்பது அந்தப் பணத்தை அல்ல. இடைவெளி விடாமல் ஒருவரை வைத்திருந்தால் நாளைக்கு "தொடர்ச்சியாக வேலை பார்த்தேன், நிரந்தரம் செய்யுங்கள்" என்று கேஸ் போட்டுவிடுவாரோ என்ற பயம். மகப்பேறு விடுப்பை 2021-இல் 9 மாதத்திலிருந்து 12 மாதமாக ஆக்கினார்கள். விடுப்பில் போனவருக்கு நல்லதுதான், நிர்வாகத்துக்கோ பதில் ஆளை அத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால் அந்தப் பயமும் கூடியது.

முதலில் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். "விடுப்பில் உள்ளவர் பணியில் சேரும் நாள் வரை" என்று இருந்தால் நடுவில் ரிலீவ் செய்வதை நீங்கள் தைரியமாகக் கேட்கலாம். "வேலை நாட்களுக்கு மட்டும்" என்று இருந்தால் கேட்டுப் பயனில்லை.

எப்படி இருந்தாலும் சம்பளம் தருவீர்களா என்று ஆரம்பிக்காதீர்கள். "23-ஆம் தேதி ரிலீவ் ஆகிறேன், திருத்தாத விடைத்தாள்களை யாரிடம் ஒப்படைக்கட்டும்?" என்று கேளுங்கள். பணியில் இல்லாத ஒருவர் வீட்டில் தேர்வுத்தாள் இருக்கலாமா என்பதற்கு எந்தத் தலைமையாசிரியராலும் பதில் சொல்ல முடியாது. ஒன்று தேதியை நீட்டுவார்கள், இல்லையென்றால் விடைத்தாள் கட்டை வாங்கிக்கொள்வார்கள். எண்ணிக்கை எழுதி கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுங்கள்.

அப்புறம், எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவில்) மதிப்பெண் ஏற்றுவது யார் ஐடியில்? விடுப்பில் இருப்பவருடையதில் என்றால், நீங்கள் ஏற்றியதற்கு உங்கள் பெயரில் எந்தச் சாட்சியும் இருக்காது. வருகைப் பதிவேட்டில் நீங்கள் கையெழுத்திட்ட பக்கங்களை அவ்வப்போது ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், அனுபவச் சான்றிதழ் கேட்கும்போது அதுதான் பேசும்.

--

தூரிகை எழுதியது:

உங்களுக்கு டிசம்பர், எங்களுக்கு மே. 2012-இல் அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியராகச் சேர்ந்த 16,549 பேரில் நானும் ஒருவன், ஓவியம். அப்போது 5,000 ரூபாய், மே மாதம் சம்பளம் கிடையாது. மே மாதத்தில் வயிறு லீவு எடுப்பதில்லை என்பதை யாருக்கு விளக்குவது?

பள்ளியில் விழா என்றால் முதலில் தேடுவது ஓவிய ஆசிரியரைத்தான். நட்சத்திரம் ஒட்டு, மேடைக்குப் பின்னால் பெத்லகேமை வரைந்து கொடு என்பார்கள். வாரம் மூன்று அரை நாள் என்று கணக்கு, டிசம்பரில் ஐந்து முழு நாள் போவேன். வரைந்து முடிக்கிற வரைக்கும் "சார்", முடித்த பிறகு "அந்தப் பார்ட் டைம்". போகட்டும், இறக்கைக்குச் சார்ட் வெட்டாதீர்கள், தொங்கிவிடும். தெர்மோகோல் தகட்டில் ஈர்க்குச்சி செருகி மேலே வெள்ளைத் துணி ஒட்டுங்கள்.

--

சும்மா_ஒருவன் எழுதியது:

பி.எட். முடித்து வேலையே இல்லாமல் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா? கிடைத்ததை வைத்துக்கொண்டு பேசாமல் இருங்கள்.

--

ஓய்வுபெற்ற_எச்எம் எழுதியது:

தம்பி, இப்படிப் பேசிப் பேசித்தான் 10,000 ரூபாயிலேயே நிற்கிறது. அரசுப் பள்ளிகளில் 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக எடுத்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு முதலில் 10,000 என்றுதான் சொன்னார்கள், பிறகு 15,000 ஆனது. எல்லோரும் பேசாமல் இருந்திருந்தால் ஆகியிருக்குமா?

--

மழைக்கால_டீச்சர் எழுதியது:

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து. தனியார் பள்ளியில் நாள் கணக்கில் சம்பளம் வாங்கியவள் நான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த வருடம் வெள்ள விடுமுறையும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் ஒட்டிக்கொண்டு வந்தன. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், கையில் பாதி மாதச் சம்பளம். அந்த வருடம் கேக் வாங்கவில்லை, பக்கத்து வீட்டு அக்கா அச்சு முறுக்கு கொடுத்தார். நாள் சம்பளத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், குறைத்துக் கேட்டாலும் மாதச் சம்பளமாகவே கேளுங்கள்.

--

லண்டன்_சப்ளை எழுதியது:

இங்கே லண்டனில் நான் ஏஜென்சி மூலமாக சப்ளை டீச்சராக (வராத டீச்சருக்குப் பதில் ஆளாக) வேலை செய்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். தங்கச்சி, இங்கேயும் கதை அதுதான், குளிர் மட்டும் கூட. காலமை ஏழு மணிக்கு போன் அடித்தால் வேலை, அடிக்காவிட்டால் இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் டீச்சர்மாருக்குத் தடிமனும் காய்ச்சலும் வருவதால் ஓயாமல் கூப்பிடுவார்கள். நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) முந்தின கிழமை (வாரம்), பிள்ளைகளை ஹாலில் இருத்திப் படம் போட்டுச் சமாளித்துவிடுவார்கள், போன் அடிக்காது. பிறகு இரண்டு கிழமை பள்ளிக்கூடம் பூட்டு, வேலையும் இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். விடுமுறைப் பணம் என்று சம்பளத்தில் 12.07 சதவீதம் கணக்குப் பார்த்துத் தர வேண்டும். சில ஏஜென்சிகள் அதை ஒவ்வொரு கிழமைச் சம்பளத்தோடும் சேர்த்தே தந்துவிடுவார்கள், தனியாக எடுத்து வைக்காவிட்டால் நத்தாருக்குக் கையில் ஒன்றும் இராது, முதல் வருடம் எனக்கு அப்படித்தான் நடந்தது. ஒரே பள்ளிக்கூடத்தில் 12 கிழமை செய்துவிட்டால் அங்கே நேரடியாக எடுக்கப்பட்டவருக்குக் கொடுக்கும் சம்பளம் எங்களுக்கும் வர வேண்டும் என்று 2011-இலிருந்து சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நடுவில் வரும் பள்ளி விடுமுறையால் அந்தக் கணக்கு அழியாது, நின்று பிறகு தொடரும். உங்களுக்கு உடனே உதவாதுதான், இப்படியும் ஒரு வழி உண்டென்று தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

பரிசை நீங்கள் திறக்க வேண்டாம். அவருக்கு ஒரு போன் போடுங்கள்.

--

குடில்_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், "வேலை நாட்களுக்கு மட்டும்" என்றுதான் இருக்கிறது. ஜூலையில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அந்த வரியைப் படிக்கவே இல்லை.

எச்.எம். சார் சொன்னபடியே கேட்டேன். எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார், பிறகு ஒன்பதாம் வகுப்புக் கட்டை மூத்த கணக்கு டீச்சரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார். அந்த டீச்சர் இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மற்ற இரண்டு கட்டையும் திருத்தி, எண்ணி, கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுத்தேன். சம்பளம் 23 நாளுக்குத்தான். ஜனவரிக்கான சேர்க்கை ஆர்டரை இப்போதே அடித்து வைத்திருக்கிறார்கள், கண்ணால் பார்த்தேன்.

விடுப்பில் இருக்கிற டீச்சருக்குப் போன் போட்டேன். பிள்ளை அழுகிற சத்தத்துக்கு நடுவில், "ஜாக்கெட் துணியா இருந்தா நீயே தச்சுக்கோ, எனக்கு இப்போ எந்த அளவும் சரியா வராது" என்றார். ஜாக்கெட் துணிதான், கிளிப்பச்சை. அவருக்கு முந்திரிக்கொத்து செய்து கொடுத்து அனுப்பினேன்.

இறக்கைக்குத் தெர்மோகோல் யோசனை பலித்தது, தூரிகை சார். மரியாளுக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது. கேழ்வரகைத்தான் கொஞ்சம் அதிகமாக விதைத்துவிட்டேன் போல, புல் ஒரு சாண் வளர்ந்துவிட்டது, மண் ஆடுகள் எங்கே நிற்கின்றன என்று தேட வேண்டியிருக்கிறது.