180 டிகிரியில் செம்புக் கோடு கறுக்கிறது, கரண்ட் போகவில்லை: நைட்ரஜன் மட்டும் போதாதா?

காட்பாடி_லேப்:
வணக்கம். வெள்ளி பேஸ்ட் விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் கேப்டான் (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) ஷீட்டில் செம்பு பேஸ்ட் இழுத்து சென்சார் வயரிங் செய்யப் பார்க்கிறோம். கலவை: 3 மைக்ரான் செம்புத் தூள் 8 கிராம், பிசினாக எத்தில் செல்லுலோஸ் 0.4 கிராம், கரைப்பானாக டெர்பினியால் 1.6 கிராம். இருபுறமும் கேப்டான் டேப் ஒட்டி, கண்ணாடித் துண்டால் இழுத்து, 80 டிகிரியில் உலர்த்தி, ட்யூப் ஃபர்னஸில் வெல்டிங் கடை நைட்ரஜன் விட்டு 180 டிகிரியில் 1 மணி நேரம் வைக்கிறோம். வெளியே வருவது கரும்பழுப்பு நிறம். மல்ட்டிமீட்டரில் மெகா ஓம். விரலால் தேய்த்தால் தூளாக உதிர்கிறது. 250 வரை ஏற்றியும் பெரிய மாற்றம் இல்லை. நானோ தூள் வாங்குவதா, ஹைட்ரஜன் கலந்த வாயு வாங்குவதா? 200 டிகிரியைத் தாண்டக் கூடாது. அடுத்து பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) ஷீட்டுக்கும் போக வேண்டும்.

பாலாற்று_உலோகம்:
நைட்ரஜன் புது ஆக்சைடு வராமல் காக்கும். தூளின் மேல் ஏற்கெனவே இருக்கும் ஆக்சைடை அது தொடாது. உங்கள் கோடு கடத்தாததற்கு முதல் காரணம் அதுதான். இன்னும் இரண்டு உண்டு.

செம்பு 1085 டிகிரியில் உருகும். கெல்வினில் பார்த்தால் உங்கள் 180 டிகிரி அந்த உருகுநிலையில் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சூட்டில் 3 மைக்ரான் துகள்கள் ஒன்றோடொன்று கழுத்து பிடிக்கவே பிடிக்காது. அடுத்து, எத்தில் செல்லுலோஸ் நைட்ரஜனில் 200 டிகிரிக்குள் சிதையாது. துகளைச் சுற்றி மின்காப்பு உறையாக அப்படியே நிற்கும். பேஸ்ட் நன்றாக இழுபடுவதற்காகச் சேர்த்த பொருளே கரண்டைத் தடுக்கிறது. அதை முழுவதும் விட்டுவிடுங்கள்.

நானோ தூளை மட்டும் நம்ப வேண்டாம். துகள் சிறுத்தால் சின்டரிங் (உருகாமலே சூட்டில் துகள்கள் ஒட்டிக்கொள்வது) எளிது, ஆனால் பரப்பு கூடுவதால் டப்பாவைத் திறந்த உடனே ஆக்சைடும் கூடும். ஹைட்ரஜனும் 200 டிகிரியில் மந்தம். 5 விழுக்காடு கலவையில் ஆக்சைடு வேகமாக ஒடுங்க (ஆக்சிஜனை இழந்து செம்பாக மாற) 250-க்கு மேல் போக வேண்டும்.

உங்கள் வரம்புக்குள் நான் பரிந்துரைப்பது செம்பு ஃபார்மேட், அதாவது ஃபார்மிக் அமிலத்தின் செம்பு உப்பு. சூடானால் அது செம்பாகவும் கரியமில வாயு, ஹைட்ரஜன் போன்றவையாகவும் பிரியும். வெறும் உப்பாக இருந்தால் சுமார் 200 டிகிரி வேண்டும். அமீனோடு (அம்மோனியா வகைக் கரிமச் சேர்மம்) சேர்த்தால் 140 டிகிரிக்கு அருகிலேயே பிரியும். அப்போது பிறக்கும் நுண்செம்பு பெரிய துகள்களுக்கு இடையே பாலமாக உட்காரும்.

உப்பு தயாரிக்க: அடிப்படைச் செம்பு கார்பனேட் 22 கிராமை 250 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கலக்குங்கள். 85 விழுக்காடு ஃபார்மிக் அமிலம் 24 கிராமை சிறுகச் சிறுக ஊற்றுங்கள். நுரை பொங்கும், பெரிய பீக்கர் எடுங்கள். 50 டிகிரி அளவில் தெளிந்ததும் வடிகட்டிப் படிகமாக விடுங்கள். கொதிக்க விடக் கூடாது, உப்பு நீராற்பகுந்து கெடும். நான்கு நீர் மூலக்கூறு கொண்ட நீலப் படிகம், கணக்குப்படி அதிகபட்சம் 45 கிராம். எடையில் 28 விழுக்காடு செம்பு. வாக்குவம் அவனில் 70 டிகிரியில் நீரை நீக்குங்கள்.

பேஸ்ட்: நீர் நீக்கிய உப்பு 1.5 கிராம், அமீனாக ஐசோபுரோபனாலமீன் 1.5 கிராம். மோல் கணக்கில் ஒன்றுக்கு இரண்டு. கலக்கும்போது சூடேறும், ஐஸ் தண்ணீரில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிறகு கழுவிய செம்புத் தூள் 4 கிராம். 1 மைக்ரானுக்குக் குறைந்த தூள் கிடைத்தால் மிக நல்லது. வெறும் ஃபார்மேட் போதுமே என்று தோன்றும், வேண்டாம். அவ்வளவு வாயு வெளியேறிய பின் மிஞ்சுவது மெல்லிய, வெடித்த படலம்தான். பேஸ்டை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். காற்று பட்டால் அமீன் செம்பையே கரைக்கும். பேஸ்டில் நீலம் ஏறுவது அதற்கு அடையாளம்.

ராணிப்பேட்டை_கெமிக்கல்:
மேலே சொன்னது சரி. தூள் கழுவுறதும் வாயுவும் நான் சொல்றேன், பாதி பேர் கோட்டை விடுறது அங்கதான்.

ஃபார்மிக் அமிலத்துக்கு சென்னை போக வேணாம். தோல் பதனிடுறதுல ஓடுற சரக்கு அது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி கெமிக்கல் கடைகள்ல 85 விழுக்காடு கேன் கேட்டுப் பாருங்க. டெக்னிகல் கிரேடு, ஆனா இந்த வேலைக்குப் போதும். தண்ணி விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. நம்ம பாலாற்றுப் பக்கம் போர் தண்ணியில உப்பு அதிகம். குளோரைடு ஒட்டிச்சுன்னா செம்பு பச்சை பூத்து பிறகு அரிச்சிடும். அதனாலதான் ஹைட்ரோகுளோரிக்லயும் கழுவ வேணாம்னு சொல்றேன். தூள் 10 கிராமுக்கு 10 விழுக்காடு அசிட்டிக் அமிலம் 100 மில்லி, சோனிகேட்டர்ல (ஒலி அதிர்வுல கழுவுற கருவி) 10 நிமிஷம். காய்ச்சி வடிச்ச தண்ணியில மூணு தரம், எத்தனால்ல ரெண்டு தரம். காய விடாதீங்க, எத்தனால் ஈரத்தோடயே வச்சு, பேஸ்ட் போடும்போது வாக்குவத்துல காய வைங்க.

வெல்டிங் நைட்ரஜன்ல கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். ஃபர்னஸுக்கு முன்னால ஒரு குழாய்ல செம்புச் சீவல் அடைச்சு 350 டிகிரியில வைங்க, ஆக்சிஜனை அது பிடிச்சுக்கும். சீவல் முழுக்கக் கறுத்தா மாத்துங்க. 2 லிட்டர் குழாய்னா நிமிஷத்துக்கு 1 லிட்டர் வீதம் 15 நிமிஷம் விட்டு காத்தை வெளியேத்திட்டு அப்புறம் சூடு ஏத்துங்க.

சூடு இப்படி: 80-ல 10 நிமிஷம். நிமிஷத்துக்கு 5 டிகிரி வீதம் 145, அங்க 20 நிமிஷம். அவசரப்பட்டா வாயு கொப்பளிச்சு கோடு பிளக்கும். பிறகு 190-க்கு ஏத்தி, நைட்ரஜனை ஃபார்மிக் அமில பப்ளர் (வாயு குமிழ் விட்டு ஆவியோட வெளிவர்ற குடுவை) வழியா நிமிஷத்துக்கு 150 மில்லி விட்டு 30 நிமிஷம். மிச்ச ஆக்சைடை ஒடுக்குறது இந்த ஆவிதான். இறங்கும்போது 160-லயே பப்ளரை மூடி வெறும் நைட்ரஜன் விடுங்க. அதுக்குக் கீழ ஆவி இருந்தா ஆக்சைடு ஃபார்மேட்டா மாறி அப்படியே நின்னுடும், மேல நீலப் பூச்சு தெரியும். 50-க்கு வந்த பிறகுதான் குழாயைத் திறக்கணும். சூட்டுல திறந்தா அவ்வளவும் வீண்.

பப்ளரை 25 டிகிரி தண்ணித் தொட்டியில வைங்க. அந்தச் சூட்டுல ஆவி சுமார் 5 விழுக்காடு. வேலூர் மே மாசத்துல அறையே 40 இருக்கும், அப்போ ரெண்டு மடங்கு ஆயிடும். 18 விழுக்காட்டுக்கு மேல போனா காத்தோட சேர்ந்து தீப்பிடிக்கிற எல்லை. வெளிவாயுவை காஸ்டிக் கரைசல்ல விட்டா அமிலம் நிக்கும், கார்பன் மோனாக்சைடு நிக்காது. அதனால ஃப்யூம் ஹூட் கட்டாயம். கையுறை, கண்ணாடி இல்லாம அந்த அமிலத்தைத் தொடவே தொடாதீங்க, தோலை எரிச்சிடும்.

காட்பாடி_லேப்:
மிக்க நன்றி சார். அளவீடு எப்படி? பெட்டுக்கு 190 ஆகாதே?

பாலாற்று_உலோகம்:
மல்ட்டிமீட்டரை ஒதுக்குங்கள். 1 மி.மீ. அகலம், 20 மி.மீ. நீளம், 10 மைக்ரான் தடிமன் கொண்ட கோட்டின் மின்தடை எண் 20 மைக்ரோ ஓம் செ.மீ. என்றால் மொத்தத் தடையே 0.4 ஓம். மீட்டரின் வயரே 0.2 ஓம் காட்டும். நான்கு முனையில் அளவிடுங்கள்: வெளி இரண்டில் 10 மில்லி ஆம்பியர், உள் இரண்டில் வோல்டேஜ். நான்முனை புரோபுக்கான 4.53 பெருக்கல் அகன்ற படலத்துக்கு மட்டுமே, ஒல்லிக் கோட்டுக்குப் பொருந்தாது. முழுச் செம்பு 1.68 மைக்ரோ ஓம் செ.மீ., துளையுள்ள அச்சுக் கோட்டில் அதன் 5 முதல் 20 மடங்குக்குள் வந்தால் சின்டரிங் நடந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

பெட் ஷீட்டை அச்சிடும் முன்பே 140 டிகிரியில் அரை மணி வைத்துச் சுருங்க விடுங்கள். அச்சிட்ட பின் 135–140 டிகிரி, அமீன் கலவை மட்டும். அமில ஆவி வேண்டாம். தடை கூடுதலாகத்தான் வரும். டெஃப்லான் தாள்களுக்கு இடையே சூடான அழுத்தியில் மெதுவாக அழுத்தினால் துளை குறையும். அதிலும் போதவில்லை என்றால் செனான் ஃபிளாஷ். மில்லி விநாடியில் செம்பு சூடாகும், அடியிலுள்ள பெட் அந்த நேரத்துக்குள் சூடேறாது. ஒளி ஆற்றல் மிஞ்சினால் கோடு பெயர்ந்து பறக்கும், குறைந்தால் மேல்தோல் மட்டும் பிடித்து அடியில் தூளாகவே இருக்கும். எனவே படலத்தை மெல்லியதாக அச்சிடுங்கள்.

ராணிப்பேட்டை_கெமிக்கல்:
ஃபர்னஸ்ல இருந்து எடுத்த உடனே எத்தனால்ல கரைச்ச 1 விழுக்காடு பென்ஸோட்ரையசோல்ல (செம்பு அரிக்காம காக்குற கெமிக்கல்) ஒரு நிமிஷம் முக்கி, காய வச்சு, மேல எபாக்ஸி பூசுங்க. துளை இருக்கிற செம்பு சீக்கிரம் கறுக்கும். தோல் ஷெட் பக்கம்னா ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்து கெடுக்கும். முனையில வயர் பிடிக்கணும்னா பூச்சுக்கு முன்னால பிடிச்சிடுங்க, 138 டிகிரியில உருகுற வெள்ளீய பிஸ்மத் சால்டர் போதும்.