பதில்: தொலைநோக்கு வில்லையா, குறுங்குழல் வில்லையா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

தொலைவிலுள்ளதைப் பெரிதாகப் படமெடுக்கும் டெலிஃபோட்டோ லென்சுக்கு, நம் அகராதிக்காகத் ‘தொலைநோக்கு வில்லை’ என்று குழுவில் முன்வைக்கப்பட்ட சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. தொலைநோக்கி வானியலில் நிலைத்துவிட்டது. ‘தொலைநோக்கு’ என்பதோ திட்ட அறிக்கைகளின் முகப்பில் குடியேறிவிட்டது. இவற்றைவிட அடிப்படையான தடையும் ஒன்று உண்டு: தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கும் வில்லைகள் எல்லாமே டெலிஃபோட்டோ அல்ல.

என்னிடம் லைக்கா கேமரா நிறுவனத்தின் பழைய டெலிட் வில்லை ஒன்று இருக்கிறது; அதன் குவியத்தூரம், அதாவது தொலைவிலிருந்து வரும் ஒளியை அது ஒரு புள்ளியில் குவிக்கும் தூரம், 400 மி.மீ. (தமிழில் எழுதினால் கோப்பை அழிக்கும் கட்டளைபோல் ஒலிக்கிறது, பொறுத்தருள்க). கேமராவிலிருந்து கழற்றிப் பின்புறமாகப் பார்த்தால், முன்முனையில் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் மட்டுமே தெரியும்; எஞ்சியதெல்லாம் கறுப்பான வெற்றுக்குழல். கண்ணாடிக்கும் படச்சுருளுக்கும் இடையே ஏறத்தாழ 400 மி.மீ. இருந்தே ஆகவேண்டும் என்பதால், தோள்தாங்கி இல்லாமல் அதை நடுங்காமல் பிடிப்பது கடினம். காற்றைத் தொடும் பரப்புகள் இரண்டே என்பதால் உள்ளே ஒளி சிதறுவது மிகக் குறைவு. நடுவில் அமர்ந்த மீன்கொத்தியின் இறகுகள் துல்லியமாகப் பதியும், படம் தெளிவாக விழும் பரப்பு (குவியப்பரப்பு) தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பதால் ஓரத்து இலைகள் மங்கிவிடும். பெயரில் ‘டெலி’ இருந்தும், ஒளியியல் வரையறைப்படி இது டெலிஃபோட்டோ அன்று.

வரையறைக்கு உட்பட்ட வில்லையில் முன்னே குவிக்கும் தொகுதியும் பின்னே விரிக்கும் தொகுதியும் இருக்கும். குவிந்து வரும் கதிர்களைப் பின்தொகுதி சற்றே விரித்துவிடுவதால், குவியத்தூரம் வில்லையின் நீளத்தை (முன்கண்ணாடியிலிருந்து படச்சுருள் வரை) மிஞ்சிவிடுகிறது. 1891-இல் இங்கிலாந்தில் டால்மேயரும், ஜெர்மனியில் மீத்தேயும் ஸ்டைன்ஹைலும் இதைத் தனித்தனியே வடிவமைத்தனர். ஆனால் முன்தொகுதியின் நிறப்பிறழ்ச்சியை, அதாவது வெவ்வேறு நிறங்கள் ஒரே இடத்தில் குவியாத குறையை, பின்தொகுதி பெரிதாக்கிவிடும். பழைய வில்லைகளில் வெயிலில் நிற்கும் கொக்கின் விளிம்பில் ஊதாக் கீற்று படிவது அதனால்தான். 1969-இல் கேனன் தன் 300 மி.மீ. வில்லையில் ஃப்ளோரைட் படிகத்தைப் புகுத்தியது இந்தக் கீற்றை அடக்கவே.

ஆகவே குவியத்தூரம் நீண்ட எல்லாவற்றுக்கும் ‘நெடுங்குவிய வில்லை’ என்றும், அவற்றுள் நீளம் குறுக்கப்பட்டவற்றுக்கு மட்டும் ‘குறுங்குழல் வில்லை’ என்றும் வழங்கலாம் என முன்மொழிகிறேன். மொத்த நீளத்தைக் குவியத்தூரத்தால் வகுத்து வரும் எண்ணைக் ‘குழல் விகிதம்’ எனலாம். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் குறுங்குழல். 1950-இல் ஆஞ்சனியூ நிறுவனம் ரெட்ரோஃபோக்கஸ் என்ற பெயரில் வெளியிட்ட 35 மி.மீ. வில்லை இதன் தலைகீழ் அமைப்பு: முன்னே விரிக்கும் தொகுதி, பின்னே குவிக்கும் தொகுதி; நீளம் குவியத்தூரத்தை மிஞ்சும். அதற்கு ‘நெடுங்குழல் வில்லை’ தானாகவே கிடைத்துவிடுகிறது. எதிர்ச்சொல்லை இவ்வளவு எளிதாக ஈனும் சொல் வாய்ப்பது அரிது.

600 மி.மீ. குறுங்குழல் வில்லை முழங்கையளவு இருக்குமே, அது எப்படிக் குறுகியது என்று ஒருவர் கேட்கலாம். தன் குவியத்தூரத்தோடு ஒப்பிட்டே அது குறுகியது என்பதை வரையறையின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். கடையில் நானும் ‘டெலி லென்ஸ்’ என்றுதான் கேட்பேன். அகராதிப் பதிவில் மட்டும் நெடுங்குவிய வில்லையைத் தலைச்சொல்லாக்கி, குறுங்குழல் வில்லையை அதன் உட்பிரிவாக அமைக்கக் குழுவின் இசைவைக் கோருகிறேன்.