மாமியாரிடம் வீட்டுச் சாவி கொடுத்தே ஆகணுமா?

செந்தூல் மருமகள்:
தீபாவளிப் பலகாரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் பட்டர்வொர்த் அம்மா போகிற போக்கில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். "கல்யாணமான கையோடு மாமியாரிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிடுங்கள், அந்த வீட்டில் சண்டையே வராது." அதற்கு எத்தனை பேர் கை தட்டியிருக்கிறீர்கள்! பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் நான் கொடுத்தவள். சனிக்கிழமை காலையில் நைட்டியோடு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வருகிறேன். அத்தை சோபாவில் உட்கார்ந்து எங்கள் துணியை மடித்துக்கொண்டிருக்கிறார், என் உள்பாவாடை வரைக்கும். பக்கத்திலேயே மாமா பேப்பர் படிக்கிறார். கெப்போங்கிலிருந்து வந்த மனிதர்களுக்கு ஒரு போன் போட முடியாதா? அன்று புரட்டாசிச் சனி. சம்பலுக்கு வறுத்து வைத்திருந்த பெலாச்சான் (இறால் விழுது) குப்பைத் தொட்டியில் கிடந்தது. மசாலா டப்பாக்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன. சண்டை வராதாம்!

பட்டர்வொர்த் அம்மா:
மகளே, துணி மடித்துக் கொடுத்தது ஒரு குற்றமா? என் மாமியார் எனக்கு ஒரு துண்டை மடித்துக் கொடுத்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். நாங்கள் ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில் வாழ்ந்தவர்கள். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டும். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு பால்மரம் வெட்டப் போவேன். கதவைப் பூட்டியதே கிடையாது. மாமியார் வருவார், நாத்தனார் வருவாள், பக்கத்து வீட்டுக் கிழவி வந்து சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. நீங்கள் கொண்டோ அடுக்குமாடியில் ஏறியதும் பெற்றவளையே வெளியாள் ஆக்குகிறீர்கள். சாவி கொடுப்பது மரியாதை. அதை மறுபடியும் சொல்கிறேன். அப்புறம் புரட்டாசிச் சனியில் வீட்டில் பெலாச்சான் வறுப்பதை எந்த மாமியாரும் பொறுக்க மாட்டாள்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:
அம்மா, கதவே பூட்டாத லைன் வீட்டில் சாவிக்கு என்ன வேலை? அப்படியென்றால் நீங்களும் உங்கள் மாமியாரிடம் சாவி கொடுத்ததில்லை.

பட்டர்வொர்த் அம்மா:
தம்பி, வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். பூட்டாத கதவு என்றால் சாவி கொடுத்ததற்கும் மேலே.

ஜெலுத்தோங் அக்கா:
நான் அம்மா பக்கம்தான். எனக்குச் சிசேரியன். படுக்கையிலிருந்து எழுந்து கதவைத் திறக்கவே முடியாது. வீட்டுக்காரருக்குக் கிடைத்தது சட்டப்படி 7 நாள் விடுப்பு, எட்டாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். அத்தைதான் விடிந்ததும் சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் போய் உயிரோடு விரால் மீன் வாங்கிக்கொண்டு, அவராகவே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். பூண்டைச் சுட்டு, மிளகு தட்டிப் போட்டு சூப் வைப்பார். நான் கண் விழிக்கும்போது பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்திருப்பார். அந்தச் சாவி இல்லையென்றால் நான் என்ன செய்திருப்பேன்? 98 நாள் பிரசவ விடுப்பு முடிந்தது. சாவியைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

செந்தூல் மருமகள்:
அக்கா, பத்தியத்துக்கு வருகிறவரும் சனிக்கிழமை காலையில் சோதனைக்கு வருகிறவரும் ஒன்றா? எனக்கு 2022 நடுவில் பிள்ளை பிறந்தது. அப்போது தனியார் வேலையில் விடுப்பு 60 நாள்தான், 98 ஆனது 2023 ஜனவரியில். அந்த 60 நாளும் அத்தை நடை நடையாக வந்தார். அதற்கு நான் சாகும்வரை நன்றி சொல்வேன். ஆனால் நன்றிக்கடனைச் சாவியாகத்தான் கட்ட வேண்டுமா?

பட்டர்வொர்த் அம்மா:
பார்த்தீர்களா, கடன் என்கிறாள்! பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டியது கடனாம். வேலை முடிந்ததும் சாவியைப் பிடுங்கிக்கொள்ள அவர் என்ன வீட்டு வேலைக்காரியா? பினாங்கில் இப்படி எந்தப் பெண்ணும் பேச மாட்டாள். கோலாலம்பூர்த் தண்ணி அப்படி.

செந்தூல் மருமகள்:
நான் பிறந்தது சுங்கை பட்டாணியில். கோலாலம்பூர்த் தண்ணியை விட்டுவிடுங்கள்.

ராவாங் அண்ணன்:
ஒரு சின்னக் கேள்வி. அந்தப் பையன் எங்கே? அம்மாவிடம் "வருவதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கம்மா" என்று மகன் சொன்னால் ஒரு நிமிட வேலை. மருமகள் சொன்னால் அது பத்து வருஷத்துக்கு நிற்கும். இதை ஏன் ஒருவரும் பேச மாட்டேன் என்கிறீர்கள்?

கிள்ளான் வாத்தியார்:
உணர்ச்சிவசப்படாமல் சட்டத்தைப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டு பகிர்ந்தளிப்புச் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால், மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. பிள்ளை இல்லையென்றால் மனைவிக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி. ஆக, மகன் வீட்டில் தாய்க்கு உரிமையே இல்லை என்று யாரும் பேசக் கூடாது.

பட்டர்வொர்த் அம்மா:
வாத்தியார் சொல்லிவிட்டார்! மனைவிக்கும் கால், பெற்றோருக்கும் கால். சமம். இனி என்ன பேச்சு? கால் பங்கு உள்ளவளுக்கு ஒரு சாவி கிடையாதா?

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:
ஐயா, அது மகன் இறந்தால், அதுவும் உயில் இல்லாமல் இறந்தால். உயிரோடு இருக்கிறவன் வீட்டுக் கதவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

செந்தூல் மருமகள்:
என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார், நூறு வயசு இருப்பார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இப்படிப் பேச உங்களுக்கு வாய் எப்படி வருகிறது? வீட்டுக் கடனில் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது, பத்திரத்தில் என் பேரும் இருக்கிறது. அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் வாத்தியாரே.

கிள்ளான் வாத்தியார்:
நான் பொதுவாகச் சொன்னேன். உயில் எழுதி வைக்காத குடும்பங்கள் நம்மவர்களில் ஏராளம். அதற்காகத்தான் சொன்னேன். சட்டம் தெரியாமல் கோபப்பட்டுப் பயனில்லை.

பட்டர்வொர்த் அம்மா:
சம்பளத்தைக் காட்டிப் பேசாதே மகளே. நானும் சம்பாதித்தவள்தான். அது இருக்கட்டும், மசாலா டப்பா இடம் மாறியது என்று அழுதாயே, அதில் இருந்தது என்ன? கடைப் பாக்கெட் தூள்தானே? உண்மையைச் சொல். மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம், மிளகு, மஞ்சள் எல்லாம் வெயிலில் காயவைத்து, லேசாக வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து வைக்கிற பெண்ணின் டப்பாவை எந்த மாமியாரும் தொட மாட்டாள்.

ஜெலுத்தோங் அக்கா:
அம்மா, மல்லியை வறுக்காமல் அரைத்தால்தான் மீன் கறிக்கு நல்லது. வறுத்தால் நிறம் கறுத்துவிடும்.

பட்டர்வொர்த் அம்மா:
யார் சொன்னது? வறுக்காத தூளில் ஒரு மாதத்தில் வண்டு வரும்.

ஜெலுத்தோங் அக்கா:
நன்றாகக் காய்ந்திருந்தால் வராது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வறுப்பதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:
மல்லியை அப்புறம் வறுக்கலாம். அம்மா, போன வருஷம் உங்கள் மகளுக்குப் பூச்சோங்கில் வீடு வாங்கியதைப் பற்றி இங்கே எழுதியிருந்தீர்கள். உங்கள் மகள் அவள் மாமியாரிடம் சாவி கொடுத்திருக்கிறாளா?

செந்தூல் மருமகள்:
ஆமாம், அதைச் சொல்லுங்கள் முதலில்.

பட்டர்வொர்த் அம்மா:
என் மகளை எதற்கு இழுக்கிறீர்கள்? அவள் மாமியார் ஈப்போவில் இருக்கிறார். 200 கிலோமீட்டர் தாண்டி வருகிறவருக்குச் சாவி எதற்கு? சொல்லிவிட்டுத்தான் வருவார்.

செந்தூல் மருமகள்:
அவர் சொல்லிவிட்டு வருகிறார். அதைத்தானே நானும் கேட்கிறேன்? பட்டர்வொர்த்திலிருந்து பூச்சோங் அதைவிடத் தூரம். உங்களிடம் மகள் வீட்டுச் சாவி இருக்கிறதா இல்லையா?

பட்டர்வொர்த் அம்மா:
என்னிடம் இருந்தால் என்ன? நான் பெற்றவள். பேரனைப் பார்க்கப் போகும்போது அவர்கள் வேலையில் இருப்பார்கள், நான் வெளியில் நிற்க முடியுமா? தாயும் மாமியாரும் ஒன்றா?

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:
மரியாதை, கால் பங்கு எல்லாம் மாமியாருக்குத்தான் என்று இவ்வளவு நேரம் சொன்னது நீங்கள்.

பட்டர்வொர்த் அம்மா:
உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா தம்பி? ஆகாதவர்கள் இதில் பேசக் கூடாது. மூன்று மருமகள்களை வைத்துக் குடும்பம் நடத்துகிறவள் நான். மூன்று வீட்டுச் சாவியும் என் கைப்பையில் இருக்கிறது. ஒருத்தியும் முகம் சுளித்ததில்லை.

செந்தூல் மருமகள்:
அவர்கள் முகம் சுளிப்பது நீங்கள் கிளம்பின பிறகு. நானும் என் அத்தைக்குச் சிரித்த முகத்தோடுதான் கோப்பி கலந்து கொடுத்தேன்.

பட்டர்வொர்த் அம்மா:
என் மருமகள்களைப் பற்றிப் பேச நீ யார்? பெரியவளுக்கு இப்போதே போன் போட்டுக் கேட்கிறேன், அவள் சொல்வதை அப்படியே இங்கே எழுதுகிறேன். மல்லியை வறுக்க வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன்.

ராவாங் அண்ணன்:
மூன்று மகன்களில் ஒருவருக்குப் போன் போட்டுக் கேளுங்களேன் அம்மா.

ஜெலுத்தோங் அக்கா:
வறுக்கக் கூடாது.